உமாமகேஸ்வரியின் ரஃப் நோட்டு

உமாமகேஸ்வரிக்குப் பொய் சொல்ல வராது என்று தில்லி கிட்வாய் நகரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். 2008 ஜனவரியில் அவள் நான்கு நாள் விடாமல் பொய் எழுதினாள். அடித்தல் திருத்தல் இல்லாமல், முத்து முத்தான கையெழுத்தில் எழுதினாள். அந்தப் பொய்க்குப் பிள்ளையார் சுழி போட்டவள் நான். வேறு யாராவது கண், காது, மூக்கு வைத்துச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் காமாக்ஷி. அப்போது ஓர் அமைச்சகத்தில் ஸ்டெனோவாக இருந்தேன். ஓய்வுக்கு ஒன்றரை வருஷம் பாக்கி. குவார்ட்டர்ஸில் இரண்டாம் மாடியில் நானும் என் வீட்டுக்காரரும். எதிர்க்கதவு உமாவுடையது. அவள் வேலூர்ப் பக்கத்துப் பெண், இன்னொரு அமைச்சகத்தில் தபால் பிரிவில் கிளார்க். வருகிற காகிதம், போகிற காகிதம் எல்லாவற்றுக்கும் நம்பர் போட்டு, நேரம் போட்டு, முதலில் ரஃப் நோட்டில் குறித்து, சாயங்காலம் ஃபேர் ரெஜிஸ்டரில் ஏற்றுவாள். பதினாலு வருஷம் அதைச் செய்ததில் அது கையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. மளிகை லிஸ்டைக்கூட ரஃப் எழுதி, பிறகு ஃபேர் காப்பி எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போவாள். நான் கேலி செய்வேன். சிரித்துக்கொண்டே அடுத்த வரியை எழுதுவாள்.

அவள் எடை நூற்று இருபத்தோரு கிலோ. இதைச் சொல்லாமல் கதை நகராது. பஸ்ஸில் கண்டக்டர் இரண்டு டிக்கெட் வாங்கச் சொல்லிச் சிரிப்பான். அவனாவது முகத்துக்கு நேரே சொன்னான். நம் தமிழ்ப் பெண்மணிகள் இருக்கிறார்களே, விழாவுக்கு விழா "என்ன உமா, கொஞ்சம் இளைச்சாப்ல இருக்கே?" என்று கேட்டுவிட்டு, அவள் நகர்ந்ததும் ஒருத்தி கையை ஒருத்தி கிள்ளுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உமாவுக்கு அது பழகிப்போயிருந்தது. பழகாதது வேறு. சர்க்கரை முந்நூறைத் தாண்டியது. மாடி ஏற இரண்டு இடத்தில் நிற்கவேண்டியிருந்தது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. முப்பத்தெட்டு வயது. ஒரு பெரிய டாக்டர், வயிற்றை வெட்டிச் சின்னதாக்கித் தைத்தால்தான் வழி என்றார்.

அவள் கணவர் ஜெயபால் ராணுவத்தில் ஹவில்தார். துப்பாக்கி பிடிக்கிறவர் இல்லை, ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டென்ட். அந்தக் குளிர்காலம் முழுவதும் அவருக்கு மலை உச்சியில் ஏதோ பனி முகாம். பெயரை வெளியே சொல்லக்கூடாதாம், அவளிடம்கூடச் சொன்னதில்லை. அங்கே பதினேழு பேர். ஊசி, மாத்திரை, கட்டு எல்லாம் இவர் ஒருவர்தான். வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிறு பகல் பன்னிரண்டு மணி வாக்கில் சாட்டிலைட் ஃபோனில் கூப்பிடுவார். ஆளுக்கு ஐந்து நிமிஷம். பின்னால் அடுத்தவர் நின்றுகொண்டிருப்பார்.

"ஏப்ரல்ல லீவ்ல வரேன், அப்போ பண்ணிக்கலாம்" என்றுதான் அவர் சொல்லியிருந்தார். ஆனால் டாக்டர் ஜனவரி பதினாறு தேதி கொடுத்தார். அதை விட்டால் ஜூன். உமா பதினாறை எடுத்துக்கொண்டாள். அவரும் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் சார்ட்டை ஞாயிற்றுக்கிழமைதோறும் அவருக்குப் படித்துக் காட்டவேண்டும், ஒரு வரி விடக்கூடாது.

இங்கே இன்னொன்றையும் சொல்லவேண்டும். முந்தின வருஷம் ஜெயபாலின் அம்மா ஊரில் வழுக்கி விழுந்து, தலையில் அடிபட்டுக் கிடந்தாள். உமா அப்படியே ஃபோனில் சொல்லிவிட்டாள். அப்போதும் அவர் மலைமேல்தான்; லீவு கிடைத்தது, ஆனால் வானிலை கிடைக்கவில்லை. ஹெலிகாப்டர் வரும் இடத்தில், பெட்டியைக் கட்டிக்கொண்டு பதினோரு நாள் நின்றார். ஊர் போய்ச் சேர்ந்தபோது காரியம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அவர் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பிப் போகும் வழியில் தில்லியில் ஒரு நாள் தங்கினார். அன்று முழுவதும் குழாயடியில் உட்கார்ந்து, சுத்தமாக இருந்த பூட்ஸைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அதைப் பார்த்த உமா, வரமுடியாத மனுஷனுக்கு இனிமேல் கெட்ட செய்தி சொல்வதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். ராணுவத்துக்காரர்களின் மனைவிகள் பலர் இப்படித்தான். எல்லாம் சௌக்கியம் என்று சொல்வதற்குத்தான் அவர்களுக்கு அந்த ஐந்து நிமிஷம்.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. நான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கூடவே ஒரு அச்சடித்த சார்ட், ஒரு பிளாஸ்டிக் மருந்துக் குப்பி, ஒரு ஃபோன் நம்பர். பதினைந்து நாளுக்கு வெறும் நீராகாரம். கால் மணிக்கு ஒருதரம் முப்பது மில்லி, அதுவும் ஒரே மடக்கில் கூடாது, நாக்கு நனைய நனைய. சர்க்கரை, வெல்லம், தேன் எதுவும் கூடாது. நாடித் துடிப்பும் காய்ச்சலும் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுதவேண்டும். நாடி நூற்றிருபதைத் தாண்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வயிறோ தோளோ வலித்தாலோ அந்த நம்பருக்கு உடனே கூப்பிடவேண்டும்.

வேலைக்காரி பவுனுவை உமா அந்த இரண்டு வாரமும் முழு நாள் வேலைக்கு வைத்துக்கொண்டாள். பவுனு விழுப்புரத்துப் பக்கம்; ரயில் பாதையோரத்துக் குடிசைப் பகுதியில் இருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். எங்கள் பிளாக்கில் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்ப்பாள். வாய் நீளம் என்று மற்ற வீடுகளில் அவளைப் பற்றிப் புகார் உண்டு. எனக்கும் இருந்தது.

அன்று பகல் ஜெயபால் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருந்ததோடு சேர்த்து உமா சார்ட்டை வரி விடாமல் படித்தாள். எண்பத்தாறு, எண்பத்தெட்டு, எண்பத்தாறு. அவர் "அச்சா, அச்சா" என்று ஒவ்வொன்றுக்கும் சொல்வது எனக்கே கேட்டது. அந்த எண்கள் நிஜம். அன்றிலிருந்து வழக்கம்போல, பழைய ஆபீஸ் டைரி ஒன்றில் தமிழில் ரஃப் எழுதி, சாயங்காலம் அதைப் பார்த்து இங்கிலீஷ் சார்ட்டில் ஃபேர் ஏற்றிக்கொண்டிருந்தாள். இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தன.

புதன்கிழமை தைப்பூசம். ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய், பால் காவடி பார்த்துவிட்டு, தொன்னையில் பஞ்சாமிர்தம் வாங்கி வந்தேன். நேரே உமா வீட்டுக்குள் போனேன்.

"மாமி, எனக்கு வெல்லம் கூடாது" என்றாள்.

"பிரசாதம்டி. வேண்டாம்னு சொல்லப்படாது. நுனி விரல்ல தொட்டு நாக்குல வச்சுக்கோ. முருகன் என்ன, உன் வயத்தையா கெடுக்கப்போறான்?"

அவள் தொன்னையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லி வளர்ந்தவள் இல்லை. நுனி விரலில் தொட்டாள். ஒரு வாரமாக வாயில் ருசி என்று ஒன்று படாதவள். கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு இன்னொரு விரல். அரை ஸ்பூன் இருக்கும், அதற்குமேல் இல்லை.

இருபது நிமிஷத்தில் உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. கட்டிலில் படுத்துக்கொண்டாள். ஒரு மணி நேரத்தில் தானாக அடங்கியது. அப்போது நான் சொன்னது ஒரு எழுத்து மாறாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"இதையெல்லாம் எழுதிண்டு இருக்காதே. டாக்டர் திட்டுவார். உன் ஆத்துக்காரர் என்னைத்தான் கேட்பார்."

அவள் எழுதவில்லை. பதினாலு வருஷத்தில் வந்த காகிதத்துக்கு நம்பர் போடாமல் அவள் விட்டது அது ஒன்றுதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் இடது தோளில் வலி என்றாள். எனக்குப் பெரிய நிம்மதி. ஏனென்றால் ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருந்தார்கள், ஆபரேஷனுக்காக வயிற்றுக்குள் காற்று அடைத்திருக்கிறது, இரண்டு நாள் தோளில் வாயு பிடித்தாற்போல இருக்கும் என்று. இது எட்டாம் நாள் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. "வாயுதான். பஞ்சாமிர்தம் வேறே உள்ளே போயிருக்கு, கேட்பானேன்" என்று தைலம் தேய்த்துவிட்டேன். ஓமத்தைக் கொதிக்க வைத்து, வடிகட்டி, அந்த முப்பது மில்லிக் குப்பியில் ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு ஸ்பூன் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"நெஞ்சு இன்னும் படபடன்னு இருக்குது மாமி."

"ஆஸ்பத்திரிக்கு ஒரு ஃபோன் போட்டுடலாமா?"

"என்ன சாப்பிட்டேன்னு கேப்பாங்களே."

அவளுக்கு வெட்கம். குண்டாக இருக்கிறவர்களுக்குத்தான் அந்த வெட்கம் தெரியும். வாயைக் கட்ட முடியாமல்தானே வயிற்றை வெட்டிக்கொண்டாய், வெட்டின பிறகுமா என்று யாரும் கேட்கவே வேண்டாம். அவள் காதில் அது கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்குப் பயம். வெட்கமும் பயமும் சேர்ந்து அந்த ஃபோனை எடுக்கவிடவில்லை.

வெள்ளிக்கிழமை, நாளைக்குக் குடியரசு தினம், ரோடெல்லாம் மூடிவிடுவான், பெரிய டாக்டரும் இருக்கமாட்டார் என்று ஒரு சாக்கு கிடைத்தது. சனிக்கிழமை டி.வி.யில் அணிவகுப்பு. சிப்பாய்கள் வரிசை வரிசையாகப் போனார்கள். உமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றாள். ஆனால் ஃபிரிட்ஜின்மேல் காந்தம் வைத்து ஒட்டியிருந்த சார்ட்டைப் போகும்போதும் வரும்போதும் நான் பார்த்தேன். எண்பத்தெட்டு. தொண்ணூறு. எண்பத்தெட்டு. காய்ச்சல் இல்லை. "பாரேன், கணக்கா இருக்கு" என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். உமாவின் கையெழுத்தில் இருந்தால் அது வேதவாக்கு அல்லவா?

ரஃப் டைரி எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. அது அவள் தலையணைக்கு அடியில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருந்தே அவள் முகம் சரியாக இல்லை. உதடு வெளுத்திருந்தது. தண்ணீர்க் குப்பியை வாயருகே கொண்டுபோய், குடிக்காமலே கீழே வைத்தாள். தோளை நான் அழுத்தினால் ஐயோ என்றாள், அழுத்தாவிட்டாலும் ஐயோ என்றாள்.

"மாமி, அவர் கூப்புடற நேரம். என் குரலைக் கேட்டாலே கண்டுபிடிச்சிடுவாரு. தூங்கறேன்னு சொல்லிட்டு நீங்களே சார்ட்டைப் படிச்சிடுங்க."

"நன்னா இருக்கு! அவர் பொண்டாட்டி குரலைக் கேட்க ஒரு வாரமா காத்திண்டிருக்கார்."

"அதனாலதான் சொல்றேன். அவரால வரமுடியாது மாமி. மறுபடியும் பொட்டியைக் கட்டிக்கிட்டு நிப்பாரு." இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு மூன்று தடவை மூச்சு வாங்கியது.

பன்னிரண்டு பத்துக்கு ஃபோன் அடித்தது. கூடத்தில் இருந்தது ஃபோன். உமா அறைக் கட்டிலில், கதவு திறந்திருந்தது. பவுனு தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஜெயபால், நான் எதிராத்து மாமி பேசறேன். உமா இப்போதான் கண்ணசந்தா. சார்ட்டை நானே படிச்சுடறேன்."

நான் சொன்னது போய்ச் சேர்ந்து பதில் வர ஒரு வினாடி ஆகும் அந்த ஃபோனில். "பகல்லயா தூங்குறா?" என்றார். பிறகு, "சரி, படிங்க மாமி."

நான் படித்தேன். திங்கள், எண்பத்தாறு. செவ்வாய், எண்பத்தெட்டு. புதன், எண்பத்தெட்டு. வியாழன், எண்பத்தெட்டு. வெள்ளி, தொண்ணூறு. சனி, எண்பத்தெட்டு. அந்தப் பக்கம் "அச்சா" வரவில்லை.

"காலையிலயும் எண்பத்தெட்டு, சாயங்காலமும் எண்பத்தெட்டா? நாலு நாளா?"

"அப்படித்தான் போட்டிருக்கா."

அப்போது பவுனு துடைப்பதை நிறுத்திவிட்டு எழுந்தாள். நேரே அறைக்குள் போனாள். உமா "வேணாம் பவுனு" என்று சொன்னது கேட்டது. பவுனு தலையணைக்கு அடியில் கைவிட்டு டைரியை எடுத்துக்கொண்டு வந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் கையிலிருந்து ரிசீவரை வாங்கினாள். பிடுங்கினாள் என்றே சொல்லலாம்.

"சார், நான் பவுனு, வேலை செய்யறவ. மாமி படிச்சது சும்மா சார். அம்மா தெனம் எழுதறது இந்த டைரியில. அது ஒண்ணு போட்டிருக்கு, இது ஒண்ணு போட்டிருக்கு."

"உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"எழுத்து தெரியாது சார். நம்பரு தெரியும். பஸ்ஸு நம்பரு பாத்துதான ஏர்றேன்."

"படி."

அவள் விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள். ஒன்பது, ஆறு. ஒண்ணு, பூஜ்யம், எட்டு. ஒண்ணு, ஒண்ணு, ஆறு. ஒண்ணு, ரெண்டு, ரெண்டு. கடைசி வரிக்கு வந்ததும் டைரியைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனாள்.

"ஒண்ணு, மூணு, நாலு. இது இன்னிக்குக் காலையில எழுதினது."

டைரியை எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் தமிழில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தாள். 'தோள் வலி.' 'மூச்சு.' 'காய்ச்சல் 101.' 'பயமாக இருக்கிறது.' கடைசியாக எழுதியிருந்தது அதுதான். நான்கு நாளாக என் மூக்குக்கு முன்னால் படுத்திருந்தவள், என்னிடம் சொல்லாமல் டைரியிடம் சொல்லியிருக்கிறாள். எனக்கு என்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

ஜெயபால் பவுனுவிடம் மூன்றே கேள்வி கேட்டார். எந்தத் தோள்? நெற்றி சுடுகிறதா? ஒரு வாக்கியம் மூச்சு விடாமல் பேசுகிறாளா? பவுனு சொன்னாள். பிறகு அவர் குரல் ரிசீவரைத் தாண்டிக் கூடத்திலேயே கேட்டது.

"மாமிகிட்ட சொல்லு, நல்லா கேட்டுக்கங்க. உள்ள தையல் விட்டிருக்கு. இது வாயு இல்ல. ஒரு சொட்டுத் தண்ணி குடுக்கக்கூடாது. நடக்கவிடக்கூடாது. ஆபரேஷன் பண்ண அதே ஆஸ்பத்திரி, இப்பவே. அந்த டைரியை டாக்டர் கையில குடுங்க. என்ன சாப்பிட்டான்னு ஒண்ணு விடாம சொல்லுங்க. நான் திரும்பக் கூப்பிட முடியாது. போங்க. ஜல்தி."

மனைவியிடம் பேசவேண்டும் என்று அவர் கேட்கவில்லை. ஐந்து நிமிஷத்தில் இரண்டு நிமிஷம் மிச்சம் இருந்தது. அதைக்கூட எங்களுக்கே கொடுத்துவிட்டு வைத்துவிட்டார்.

இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. பவுனு படிக்கட்டில் ஓடி, கேட்டருகே டாக்ஸி ஸ்டாண்டில் வெயில் காய்ந்துகொண்டிருந்த இரண்டு சர்தார்ஜிகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பால்கனியில் கிடந்த மர நாற்காலியில் உமாவை உட்கார வைத்து, புடவையால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டினோம். முன்னால் இருவர், பின்னால் பவுனுவும் என் வீட்டுக்காரரும். ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலியை இறக்கி மூச்சு வாங்கினார்கள். முதல் மாடியில் ஒரு கதவு திறந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

"ரொம்ப கனம்" என்று உமா சொன்னாள். மன்னிப்புக் கேட்கிற குரல். அந்த நிலையிலும்!

"நீ பேசாம வாம்மா" என்றாள் பவுனு.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் சின்ன வயசுக்காரர். தோள் வலியா, காற்று அடைத்தால் அப்படித்தான் இருக்கும், உட்காருங்கள் என்றார். நான் நான்கு நாளாகப் பாடின அதே பாட்டு. நான் டைரியை அவர் மேஜைமேல் விரித்தேன். தமிழ் வரிகளை ஒவ்வொன்றாக இந்தியில் சொன்னேன். 'பயமாக இருக்கிறது' என்பதையும் விடவில்லை. பிறகு புதன்கிழமை என்ன நடந்தது என்பதையும் சொன்னேன். காத்திருந்தவர்கள் எல்லாரும் கேட்கும்படிதான் சொன்னேன். பஞ்சாமிர்தம், வாழைப்பழம், வெல்லம், நெய், நான்தான் கொடுத்தேன், எழுதாதே என்று சொன்னதும் நான்தான். அவர் எண்களை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தவர் பெரிய டாக்டருக்கு ஃபோன் செய்தார்.

ஸ்கேனில் தெரிந்தது. தையல் போட்ட இடத்தில் ஓர் ஓரம் விட்டு, உள்ளே கசிந்து, இடது பக்கம் முழுவதும் சீழ் பிடித்திருந்தது. மூன்று மணிக்குத் திரும்ப ஆபரேஷன். கையெழுத்துப் போட உறவு யார் என்று கேட்டார்கள். கணவர் ராணுவத்தில், பனி முகாமில், ஃபோன் கிடையாது என்றேன். நான் போட்டேன். உறவு என்று கேட்ட இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் 'அக்கா' என்று எழுதினேன். அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவர்கிட்ட..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. சொல்லு என்றாளா, சொல்லாதே என்றாளா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

பெரிய டாக்டரை நான் பிறகு தனியாகப் பிடித்துக் கேட்டேன், பஞ்சாமிர்தத்தாலா என்று. இல்லை, நூறில் ஒன்றிரண்டு பேருக்கு இப்படி ஆவது உண்டு, அரை ஸ்பூன் இனிப்பில் தையல் விடாது என்றார். நான்கு நாள் சும்மா இருந்ததுதான் தப்பு என்றார். அவர் சொன்ன முதல் பாதியால் எனக்குத் தெம்பு வரவில்லை. இரண்டாம் பாதி என்னுடையது.

பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி. வயிற்றில் இரண்டு குழாய், மூக்கில் ஒன்று. அடுத்த ஞாயிறு, பதினொன்றரைக்கே நான் உமா வீட்டைத் திறந்து ஃபோன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பன்னிரண்டு ஆயிற்று. பன்னிரண்டே கால். ஒரு வாரமாக அந்த மனுஷனுக்குப் பெண்டாட்டி இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாது. ஃபோன் அடித்ததும் எடுத்தேன்.

அந்தப் பக்கத்தில் ஹலோகூட இல்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"இருக்கா ஜெயபால். இருக்கா. நேத்திக்குக் கண்ணைத் திறந்து பவுனுவைத் திட்டினா."

"நம்பர் படிங்க மாமி" என்றார். பவுனு தினமும் நர்ஸைக் கேட்டு டைரியில் எண் மட்டும் போட்டுவைத்திருந்தாள். ஒவ்வொன்றும் கோழி கிளறினாற்போல. படித்தேன்.

பிப்ரவரி பதினேழு, ஞாயிற்றுக்கிழமை. உமா வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. இருபத்து மூன்று கிலோ குறைந்து, முகத்தில் எலும்பு தெரிந்தது. அவளே ஃபோனை எடுத்தாள். நான் கிளம்பப் பார்த்தேன். உட்காருங்கள் என்று கை காட்டினாள்.

"சொல்லு" என்றார் அவர். இவள் மணிக்கட்டில் விரலை வைத்தாள். "நீங்க கடிகாரத்தைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வாய்விட்டு எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்து நிமிஷத்தில் ஒரு முழு நிமிஷம். பனி மலையில் வரிசையில் நிற்கிறவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ. எண்பத்து நான்கில் அவர் "ரோக்கோ" என்று நிறுத்தினார்.

"எண்பத்தி நாலு. நிஜம்" என்றாள்.

"நம்புறேன்."

அவள் ரிசீவரை வைக்கப்போகிற மாதிரி தெரிந்தது. ஆனால் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். முகம் மாறியது.

"நான் எண்ணிட்டு இருந்தப்போ நீங்க ஃபோனைக் கையால மூடிக்கிட்டீங்க. ரெண்டு தடவ. எதுக்கு?"

"காத்து அடிக்குது இங்க."

"இப்போ உங்க நாடியைச் சொல்லுங்க."

"எனக்கென்ன, எழுபத்தாறு. ஜம்முனு இருக்கேன். காலையில பூரி சாப்பிட்டேன்."

"அது ஃபேர் காப்பி" என்றாள் உமா. "ரஃபைப் படிங்க."

இருமல் சத்தம் எனக்கே கேட்டது. பெட்டியைத் திறந்து மூடினாற்போல அடியிலிருந்து வந்த இருமல்.

"நூத்தி பன்னெண்டு" என்றார். "ஆறு நாளா காய்ச்சல். நான் எறங்கிட்டா இங்க பதினாறு பேருக்கு ஊசி போட ஆள் இல்ல உமா. மாத்து ஆளு மார்ச்லதான் வரான். மாத்திரை போட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

"ஆபீசர் சாப்கிட்ட சொன்னீங்களா?"

மறுபடி இருமல்தான் வந்தது.

"உங்களுக்குப் பின்னால யார் நிக்கிறாங்க?"

"எதுக்கு?"

"ஃபோனை அவர் கையில குடுங்க."

"உமா..."

"குடுங்க. பவுனு டைரியைப் படிச்சுக் குடுத்தாளா இல்லையா? அவ குடுக்கலன்னா இன்னிக்கு நீங்க யாருக்கு ஃபோன் பண்ணுவீங்க?"

குரல் உயரவில்லை. நான் அவளைப் பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன், பஸ் கண்டக்டரிடம்கூட அவள் இப்படிப் பேசியதில்லை. அந்தப் பக்கம் ஏதோ உரசும் சத்தம். யாரோ ஒருவர், குமாவுன் மலைப் பக்கத்துக்காரர் போல, "ஜி பாபிஜி" என்று அண்ணி முறை வைத்துக் கூப்பிட்டார். உமா இந்தியில் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். அண்ணா, உங்கள் நர்சிங் அசிஸ்டென்டுக்கு ஆறு நாளாகக் காய்ச்சல், இருமல், நாடி நூற்றுப் பன்னிரண்டு. அவர் சொல்லமாட்டார். இப்போதே போய் உங்கள் ஆபீசரிடம் சொல்லுங்கள். நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

புதன்கிழமை வானம் திறந்து ஹெலிகாப்டர் வந்ததும், இடது நுரையீரலில் நிமோனியா என்று கீழே ஆஸ்பத்திரியில் சேர்த்ததும், மார்ச் மாதம் அவர் ஒன்பது கிலோ குறைந்து இந்த மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்று ஏறி வந்ததும் பிற்பாடு. அன்று பகல் எங்களுக்கு அது எதுவும் தெரியாது. ஃபோன் வைக்கப்பட்டுவிட்டது. அடுத்த ஞாயிறு ஏழு நாள் தள்ளி இருந்தது.

உமா தலையணைக்கு அடியில் இருந்த பழைய ஆபீஸ் டைரியை என்னை எடுத்து வரச் சொன்னாள். பவுனுவின் எண்களுக்குக் கீழே ஒரு கோடு போட்டாள். 'அவர்: 112. காய்ச்சல், இருமல், ஆறு நாள். சொல்லியாச்சு' என்று எழுதினாள். எழுத்துக் கோணிக்கொண்டு போயிற்று. பேனாவை வைத்துவிட்டு மணிக்கட்டை என் பக்கம் நீட்டினாள்.

"எண்ணுங்க மாமி."

கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் எண்ணினேன். நூற்று நான்கு வந்தது. குறைத்துச் சொல்லலாமா என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது உண்மை. சொல்லவில்லை. நூற்று நான்கு என்றேன்.

"பயத்துல" என்றாள். அதையும் எழுதினாள்.